தூங்குபூதங்களின் நாடு

எழுபதுகளின் தொடக்கத்தில் பட்டாபிராமில் ஒற்றை அறை வீடொன்றில் குடியிருந்தோம். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை. மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். விடிந்து வீடு வந்து, ரயிலில் விட்ட தூக்கத்தைப் பாயில் தொடர வேண்டும். தெருவில் ஐஸ்காரன் மணியடிப்பான், பக்கத்து வீட்டில் அம்மி ஓடும், என் மகள் பாட்டுப் பாடுவாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. நான் எரிந்து விழுவேன். அதற்குப் பிறகு தூக்கமும் வராது.

"உங்க நைனா பூதம் மாறி தூங்குது, சத்தம் போடாதே" என்று என் மனைவி ஒருநாள் அவளை அடக்கினாள். அவ்வளவுதான், பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டாள். நான் தூங்குபூதம் என்ற இனத்தைச் சேர்ந்தவன் ஆனேன். எங்கள் நாடு, ஊரிலிருந்த ராணுவக் கிடங்குக்குச் சரக்கு வண்டி போகும் சைடிங் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிறதாம். மூடிய வேகன்களில் எங்களுக்குத்தான் இரும்பு வருகிறதாம். இரும்புத் தூளை ரசத்தில் கலந்து குடிப்போமாம். என் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வரும் தூள்தான் அத்தாட்சி. கல்யாணத்தில் மாலைக்குப் பதில் தலையணை மாற்றிக்கொள்வோம். நகம் கறுப்பாக இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம். அதிக நேரம் தூங்குகிறவர்தான் ராஜா. இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். சிரிப்பு வரும், ஆனால் சிரிக்கத் தெம்பிருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மடியில் உட்காரவைத்து, என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். பக்கத்துத் தொழிற்சாலையில் தினமும் நாலு மணிக்குச் சங்கு ஊதும். அதை வைத்துத்தான் சொன்னேன்.

"அந்த ஊர்ல ஒரு சட்டம் கீது, தெரியுமா? நாலு மணி சங்கு ஊதறதுக்கு முன்னாடி எய்ப்பிட்டா பூதம் கல்லா பூடும்."

"அப்பால?"

"அப்பால இன்னா? கல்லுதான். பேசாது, எய்ந்துக்காது."

மறுநாளிலிருந்து வீடு அடங்கிப்போனது. பிள்ளை நுனிக்காலில் நடந்தாள். தெருப்பிள்ளைகளை வாசலிலேயே விரட்டினாள். நான் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். கெட்டிக்காரத்தனமாகக் காரியத்தை முடித்துவிட்டதாக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், மனைவி குழம்பை இறக்கி வைத்துவிட்டு மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போனாள். அங்கே வரிசை நகரவில்லை. அவள் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைக்குப் பசித்திருக்கிறது. குழம்புச் சட்டியைத் தானே இழுத்திருக்கிறாள். அது அப்படியே அவள் பாதத்தில் கொட்டிவிட்டது.

சங்கு ஊதி நான் கண் விழித்தபோது என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கால் வாளித் தண்ணீருக்குள் இருந்தது. வாயில் என் துண்டைச் சுருட்டித் திணித்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. துண்டை எடுத்துவிட்டு என் கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நைனா, எய்ந்துக்கினியா? இப்ப நான் அழுவலாமா?"

"அழு கண்ணு" என்றேன். அதன் பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது. அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். கொட்டி எவ்வளவு நேரமாச்சு என்று அவர் கேட்டார்.

"நைனா தூங்கிகினு இருந்துச்சு" என்று பிள்ளைதான் பதில் சொன்னாள், எனக்காகப் பரிந்து பேசுகிறவள் போல. வெட்கத்தில் செத்துப்போனேன்.

கட்டுப் போட்டு அவளை வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்தேன். திரும்பி வந்திருந்த மனைவி தரையில் கொட்டிக் கிடந்த குழம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, வழக்கமான வண்டியைப் பிடித்து வேலைக்குப் போனேன். ஒருநாள் லீவு போட்டிருக்கலாம். அன்று எனக்கு அது தோன்றக்கூட இல்லை.