மூன்றாவது கியரில் இருபத்தாறு வருடம்

அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பிரேக் டீச்சரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள்தான். டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டீரிங் முன்னால் உட்காருவார், இவள் பக்கத்து இருக்கையில். அங்கே இவள் காலுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. சைக்கிளோ பூனையோ குறுக்கே வந்தால் இவள் கால் முந்திக்கொள்ளும், வாய் அதற்கும் முந்திக்கொள்ளும். “கண்ணை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?” என்று அவள் கேட்காத ஆளே அந்த ஊரில் கிடையாது.

இப்போது ஒரு ரகசியம். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அதனால்தான் அவளும் சொன்னதில்லை. பிரேக் டீச்சர் ஊரைத் தாண்டி ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. ஸ்கூலைச் சுற்றி நான்கு தெரு, ஒரு ரவுண்டானா, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு மேடு, அவ்வளவுதான் அவள் உலகம். முதல் கியர், இரண்டாவது கியர், தெரு காலியாக இருந்தால் மூன்றாவது. நான்காவதையும் ஐந்தாவதையும் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவாள், அதோடு சரி. வீட்டில் சொந்த வண்டி இல்லை. வெளியூர் என்றால் ரயில்தான்.

இப்படிப்பட்டவள்தான் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. பாலங்களில் விரிசல் விட்டிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற இன்ஜினியர் வேலை, ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி. கட்டில், வரைபட மேசை, சைக்கிள், எட்டுப் பெட்டிப் புத்தகம் எல்லாம் லாரியில் போகட்டும், நான் ரயிலில் போய்க்கொள்கிறேன் என்றாள் மகள்.

“நான் ஒருத்தி இருக்கும்போது லாரி எதுக்குடி? வாடகைக்கு ஒரு பிக்கப் எடுத்தா மூணே நாள். நானே கொண்டு போய் விடுறேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. மகள் கண் விரிய, “நிஜமாவாம்மா?” என்று கேட்டுவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்தத் தாய் இல்லை என்பாள்? காலை ஆறு மணிக்குப் போனால் இருட்டித்தான் வீட்டுக்கு வருவாள் டீச்சர். ஊரார் பிள்ளைகளின் பக்கத்திலெல்லாம் உட்கார்ந்தாள். பெற்ற பிள்ளை அப்பாவின் கையிலேயே வளர்ந்துவிட்டது. இனி மகள் வருஷத்துக்கு ஒருமுறை வருவாளோ என்னவோ. அவளோடு மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். டீச்சருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

எந்த வண்டி என்ற கேள்வியோடு பிடித்தது குழப்பம். கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், ஒரு மயிரிழை பிசகினாலும் தூக்கம் வராத மனுஷர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “நடுவுல இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. எண்ணெய் கம்மியா குடிக்கிற வண்டியா பாரு” என்றார். அத்தோடு விட்டாரா? “டபுள் கேபின் எடுத்தா பின்னாடி சீட் இருக்கும். லீவு போட்டுட்டு நானும் வந்துடுவேன்” என்றார்.

அவர் வரக்கூடாது, இந்த மூன்று நாளும் மகள் தனக்கு மட்டும்தான். இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? “டபுள் கேபின் எண்ணெய் குடிக்குமாம்” என்று அவசரமாக ஒரு பொய்யை எடுத்து விட்டாள் டீச்சர். அது மெய்யா பொய்யா என்று அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளலாம் என்று நாலு பேரிடம் கேட்டாள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டீசல்தான் என்றார் ஒருவர். பெட்ரோல் வண்டி லேசு, அதுதான் மிச்சம் என்றார் இன்னொருவர். புது வண்டி எடுங்க என்று ஒருத்தி. பழகின இன்ஜின்தான் மைலேஜ் தரும் என்று அந்த ஒருத்தியின் அண்ணன். ஏசி போட்டால் எண்ணெய் போய்விடும் என்றார் கணவர். ஜன்னலைத் திறந்தால் காற்று இழுத்து அதுவும் நஷ்டம் என்று அடுத்த நாள் படித்துவிட்டு வந்து சொன்னார்.

“ஏசியும் போடக்கூடாது, ஜன்னலும் திறக்கக்கூடாதுன்னா மூச்சை எங்க விடுறது?” என்று எரிந்து விழுந்தாள் டீச்சர்.

வாடகை யார்டு வைத்திருந்தவன் அவளுடைய பழைய மாணவன். இரண்டு தடவை டெஸ்டில் கோட்டைவிட்டு மூன்றாவதில் தேறியவன், அதனால் அவனுக்கு டீச்சர் வைத்த பெயர் மூணாந்தடவை. அவனுக்கு இன்றைக்கும் அவளைக் கண்டால் உள்ளங்கை வியர்க்கும். ஆறு பிக்கப் வரிசையாக நின்றன. எது நல்ல மைலேஜ் தரும் என்று கேட்டாள்.

“போங்க டீச்சர், என்னைச் சோதிக்கிறீங்க. உங்களுக்குத் தெரியாததா?”

போச்சு. அதற்கு மேல் என்ன கேட்பது? ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கெத்தாகச் சொல்லி, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, “ம், கண்ணாடியைச் சரி பண்ணுங்க” என்றாள். ஸ்டீரிங் முன்னால் யாரும் இல்லை. பழக்க தோஷத்தில் பக்கத்து இருக்கையில் ஏறியிருந்தாள்! மூணாந்தடவை பவ்வியமாக ஓடிவந்து ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தான். வேறு வழியில்லாமல் அவனை யார்டுக்குள் இரண்டு சுற்று ஓட்ட வைத்து, “கிளட்ச்ல காலை வெச்சுக்கிட்டே ஓட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இப்படியே பத்து நாள் ஓடியது. ஒருநாள் ஒரு வண்டி பிடிக்கும், மறுநாள் அதுவே ஆகாது. மைலேஜ் தெரியாமல் குழம்புகிறாளா, கிளம்பப் பயந்து குழம்புகிறாளா என்று கேட்டால் அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. மகள் பொறுமை இழந்தாள்.

“திங்கள்கிழமை நான் வேலைல சேரணும்மா. புதன்கிழமைக்குள்ள வண்டி எடுக்கலைன்னா நான் ரயில் டிக்கெட் போட்டுடுவேன்.”

புதன்கிழமை மகளும் கூடவே யார்டுக்கு வந்தாள். இரண்டே பேர் உட்காரக்கூடிய சாம்பல் நிற டீசல் பிக்கப்பைக் காட்டினாள் டீச்சர், அதில் கணவருக்கு இடமில்லை என்ற ஒரே காரணத்துக்காக. மூணாந்தடவை சாவியைக் கொடுத்து, வெளிச் சாலைவரை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னான். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தப்பிக்க வழியில்லை.

யார்டு தெருவில் ஒரு குறையும் இல்லை. வெளிச் சாலைக்கு வந்ததும் வண்டி தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒரு லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் என்று காட்டியது ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருந்த திரை.

“அம்மா, கியரை மாத்து. இன்னும் மூணுலயே போறியே.”

டீச்சர் கையைக் கியர்மேல் வைத்தாள். நகரவில்லை. கியரா கையா? கைதான். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, நேராகப் பார்த்தபடியே சொன்னாள்.

“எனக்குத் தெரியாதுடி. நாலாவது போட்டு ஓட்டினதே இல்ல. ஊரைத் தாண்டினதே இல்ல. உன்கூட மூணு நாள் இருக்கணும்னு ஆசைப்பட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நீ ரயில்லயே போயிடு.”

மகள் முதலில் சிரித்துவிட்டாள். அம்மா அழுவதைப் பார்த்துத்தான் நிறுத்தினாள்.

“இறங்கு. இந்தப் பக்கம் வா. நான் ஓட்டறேன்.”

“நீயா? நீ எப்படி?”

“காலேஜ்ல எங்க புரொபசர் ஜீப்பை நான்தான் ஓட்டுவேன். பாலம் பாலமா போவோம். சொன்னா நீ காலை உடைப்பேன்னு சொல்லல.”

மகள் ஓட்டினாள். நான்கு, ஐந்து. கத்தல் அடங்கி வண்டி முனகிக்கொண்டே போனது. திரையில் ஏழு பதினொன்றாகி, பதினைந்துக்கு வந்தது. பார்த்துக்கொண்டிருந்த டீச்சருக்குக் கோபமா பெருமையா என்று விளங்கவில்லை. பத்து நாளாக ஊரெல்லாம் விசாரித்த மைலேஜ் தன் காலிலும் கையிலும் இருந்திருக்கிறது என்றால் யாரைப் போய்த் திட்டுவது? பிறகுதான் வேறொன்று உறைத்தது.

“அடிப்பாவி, நீ அங்கயே இருந்துடுவே. வண்டியை யார் திரும்பக் கொண்டுவர்றது?”

“நீதான். மூணு நாள் இருக்குல்ல, சொல்லித் தர்றேன்.”

கிளம்பிய முதல் நாள் முழுக்க மகள் ஓட்ட, டீச்சர் பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டாம் நாள் பங்க் இல்லாத அந்த நீளச் சாலையில் மகள் அவளை ஸ்டீரிங் முன்னால் உட்காரவைத்தாள். “கிளட்சை மெதுவா விடு. இன்னும் மெதுவா. ஐயோ அம்மா, கியரைப் பார்க்காதே, ரோட்டைப் பாரு!” மாணவர்களைத் திட்டும்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் டீச்சருக்குத் தெரிந்தது. மதியத்துக்குள் நான்காவது வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்தாவதும் வந்தது, “வந்துடுச்சுடி, வந்துடுச்சு!” என்று அவள் போட்ட சத்தத்தில் மகளுக்குக் காது அடைத்தது. இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள். முக்கியமாக ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகலும் டீச்சர்தான் ஓட்டினாள். மகள் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். பக்கத்து இருக்கையில் தூங்க முடியும் என்பதே டீச்சருக்குப் புதிது. இருபத்தாறு வருடத்தில் அவள் அங்கே கண்ணிமைத்ததுகூட இல்லை. நம்பித் தூங்குகிறாளே என்று சந்தோஷமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் மகள் வேலை பார்க்கப்போகிற ஊர் வந்துவிடும், நாளைக்கு இதே இருக்கை காலியாக இருக்கும் என்று நினைத்ததும் துக்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

அப்போது சாலை இரண்டாகப் பிரிந்தது. பலகையில் புதுச் சாலை நாற்பது கிலோமீட்டர், ஆற்றோரச் சாலை நூற்றுப் பதினைந்து என்று போட்டிருந்தது. டீச்சர் பலகையை இரண்டு தடவை படித்தாள். பிறகு சிக்னல் போட்டு ஆற்றோரச் சாலையில் திருப்பினாள்.

குலுங்கலில் மகள் விழித்துக்கொண்டாள். ஆற்றைப் பார்த்தாள்.

“என்னம்மா, வழி தப்பிட்டியா?”

“அப்படித்தான் நினைக்கிறேன்.”

மகள் போனை எடுத்துப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கேட்டாள்.

“டீசல் இருக்கா?”

“நிறைய இருக்கு.”

“அப்ப மெதுவாவே ஓட்டும்மா.”