ஏலத்துக்குப் போன பூசணிக்காய்

மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளியில் நான் வைத்த தக்காளிச் செடியில் நேற்று ஒரு பழம் சிவந்திருந்தது. ரசத்துக்கு ஆகும் என்று மருமகள் கையை நீட்டினாள். "தொடாதம்மா, அது முதல் பழம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது என் பேச்சே இல்லை, பெரிய டீச்சரின் பேச்சு என்று உறைத்தது. அவர் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்னும் என் வாயில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணினால் எரிச்சல் வருமா வராதா?

ஐம்பதுகளின் கடைசியில் திருத்தங்கலுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய டீச்சர்தான் தலைமையாசிரியை. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை என்பதால் பள்ளி வளாகத்திலேயே ஒரு வீட்டில் சேர்ந்து இருந்தோம். அடுக்களைக்குப் பின்னால் அவருக்கு ஒரு தோட்டம். தோட்டம் அவருக்கு, தண்ணீர் சுமப்பது எனக்கு. கந்தக பூமியில் கிணறு பாதாளத்தில் கிடக்கும். இறைத்து இறைத்துக் கை காய்த்துப் போகும். பெரிய டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, "வேருல ஊத்தும்மா, இலையில ஏன் ஊத்துற?" என்பார். குடையை மடக்கி வைத்துவிட்டு ஒரு குடம் தூக்கியிருக்கலாம். தூக்கமாட்டார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். காய்த்ததைத் தின்னவும் விடமாட்டார். முதற்பலன் கர்த்தருக்கு. சரி, நானும் வேதக்காரிதான், ஒரு பழம் போகட்டும் என்று இருந்தால், அடுத்த தக்காளிச் செடிக்குத் தனி முதற்பலன், அதற்கடுத்த செடிக்கு இன்னொன்று. "எல்லாமே முதலுன்னா ரெண்டாவது எப்பத்தான் வரும் டீச்சர்?" என்று கேட்டால், "பொறுமையா இரு" என்பார். பிறகு வந்ததெல்லாம் விடுதிப் பிள்ளைகளுக்குப் போகும். நாங்கள் துவையலைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடிப்போம்.

மழை பொய்த்த ஒரு வருஷம் தக்காளி எல்லாம் கருகிவிட்டது. அடுக்களை ஓட்டின் மேல் படர்ந்த பூசணிக் கொடியில் பிஞ்செல்லாம் வெம்பி விழுந்து ஒரே ஒரு காய் நின்றது. பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூடச் சிந்தாமல் ஊற்றி அதைக் காப்பாற்றினேன். அந்தச் சமயம் பார்த்து வெம்பக்கோட்டையில் கட்டிக்கொடுத்த என் தங்கை வந்தாள். ஏழு மாதம். எது சாப்பிட்டாலும் வாந்தி. முகம் வெளிறிக் கிடந்தது. அம்மா இல்லாத பிள்ளை. ஓட்டின் மேல் அந்தக் காயைப் பார்த்துவிட்டு, "அக்கா, அம்மா வைக்கிற மாதிரி புளி ஊத்தி, வெல்லம் போட்டு வச்சுத் தர்றியா? அதுன்னா உள்ள எறங்கும்போல இருக்கு" என்றாள். அவளாக வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

பெரிய டீச்சரிடம் போய் நின்றேன். "கர்த்தருக்குன்னு நேந்தாச்சும்மா. ஞாயித்துக்கெழம அறுப்பின் பண்டிகை" என்றார். "வாயும் வயிறுமா இருக்குறவ, டீச்சர்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது என்ன மனுஷி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பண்டிகை ஆராதனை முடிந்ததும், படைத்த காய்கனிகளை வேதக்கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். நான் சம்பளத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய் உட்கார்ந்தேன். கோயில் வேலை பார்ப்பவர் எங்கள் பூசணிக்காயைத் தூக்கிக் காட்டியதும் கேட்டேன். எனக்கு முன்னால் இருந்து ஒரு குரல் கூட்டிக் கேட்டது. பெரிய டீச்சர்! நான் ஏற்ற, அவர் ஏற்ற, சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. தீப்பெட்டிக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை, "ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்கீக?" என்று சிரித்தார். முடிச்சில் இருந்தது தீர்ந்ததும் நான் வாயை மூடினேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

பெரிய டீச்சர் காயை வாங்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, என் தங்கையின் பக்கத்தில் பாயில் இறக்கினார். "இந்தாம்மா. அக்காவ வச்சுத் தரச் சொல்லு."

"எனக்கு எதிரா ஏன் டீச்சர் கேட்டீக? நானும் இவளுக்குத்தான கேட்டேன்!"

"எனக்கென்ன தெரியும்? கோவத்துல போட்டிக்குக் கேக்குறன்னு நெனச்சேன்."

"அப்ப அன்னைக்கே பறிச்சுத் தந்திருக்கலாம்ல?"

"குடுத்தத எப்படிம்மா எடுக்குறது? வாங்கிக்கலாம்" என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

தங்கை அன்று தட்டை வழித்துச் சாப்பிட்டாள். வாந்தி வரவில்லை. பெரிய டீச்சர் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. ஏலத்தில் போன பணத்துக்கு அந்த மாதம் முழுக்கக் காபி கிடையாது. அவருக்கு மட்டுமில்லை, எனக்கும்தான். அந்த நல்ல மனசை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. அந்தக் காபியை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

இதையெல்லாம் நேற்றுச் சொல்லி முடித்ததும் மருமகள் உள்ளே போய்ப் பர்ஸை எடுத்து வந்தாள். செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "சரி அத்தை, நானே ஏலத்துக்குக் கேக்குறேன்" என்று ஒரு தொகை சொன்னாள். சிரித்துக்கொண்டே ஒரு தரம் என்றாள், ரெண்டு தரம் என்றாள்.

விடுவேனா? கூட்டிக் கேட்டேன்.