வளைவு வேண்டாம் என்றவர்

அரூர் போகும் வழியில் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. எதிரே பேரூராட்சி அலுவலகத்தில் கூட்டம் முடிந்து உறுப்பினர்கள் மிக்சரை மென்றபடி வெளியே வருகிறார்கள். இம்மாதிரிக் கூட்டங்களில் தீர்மானத்தை யாரும் படிப்பதில்லை. ஒருவர் "ஆல் பாஸ்" என்றால் எதிர்க்கட்சியும் மேசையைத் தட்டும்.

டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்காரும் பெண் ஆளுங்கட்சி உறுப்பினர். தன் கட்சி கொண்டுவந்த வரவேற்பு வளைவை இன்று அவர் ஒருவர்தான் எதிர்த்திருக்கிறார்.

"அக்கா, அடுத்த தடவ சீட்டு எதிர்க்கட்சியில கேட்டுக்கோங்க," என்று சிரித்துவிட்டுப் போகிறார் சக உறுப்பினர் ஒருவர்.

"அவங்க ஆட்சியில வளைவு கட்டறப்ப, தண்ணிக் கொழாய் போடுங்கடான்னு ரோட்டுல உக்காந்தவ நானுங்க," என்கிறார் அவர் என்னிடம். "இப்ப எங்க ஆளு கட்டுனா மட்டும் வளைவுல தண்ணி வருமாங்க?"

"ஏகமனதாக நிறைவேறியது என்றுதான் எழுதுவார்கள். ஆட்சேபணையை இன்றே எழுத்தில் கொடுத்து, பதிவு செய்யக் கேளுங்கள்," என்கிறேன். பேரூராட்சி அலுவலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றும் எனக்கு இந்த வியாதி தீரவில்லை.

"குடுத்தா சீட்டு போயிருங்களா?"

"போகும்."

அவர் டீயைக் குடித்து முடிக்கிறார். பிறகு கடைக்காரரிடம் ஒரு தாள் வாங்கி, "சொல்லுங்க சார்," என்கிறார்.

சொல்கிறேன். கட்சிப் பெயர் மட்டும் வேண்டாம், வம்பு என்கிறேன்.

"அதெப்படிங்க? இந்தக் கட்சிக்காரியா இருந்துதான் எதுக்கறேன்," என்று அதைத்தான் முதல் வரியில் எழுதுகிறார்.