வடிவக்காவின் பத்தடிக் காம்பரா

லிந்துலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. அந்த அறையைக் காம்பரா என்போம். எனக்கும் அதே காம்பராதான், அடுத்த வீட்டுச் சண்முகவடிவு அக்காவுக்கும் அதே காம்பராதான். என் வீட்டில் எள் போட்டால் எள் விழாது. வடிவக்கா வீட்டிலோ அவளும் கணவர் செல்லசாமி அண்ணனும் வளர்ந்த இரண்டு மகன்களும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் "ஒங்க காம்பரா பெருசுக்கா" என்று பல வருஷம் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் அண்ணன் கயிறு பிடித்து இரண்டையும் அளந்து காட்டி என் வாயை அடைத்தார்.

சும்மா கிடக்கும் இடத்தைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். அடுப்புக்கு மேலே விறகு காய்கிற அட்டல் எல்லார் வீட்டிலும் உண்டு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவரும் தேயிலைக் குச்சிகளை நாங்கள் கட்டோடு தூக்கி அதில் எறிவோம். அவள் ஒரே நீளமாக நறுக்கி அடுக்குவாள். எங்களைவிட இரண்டு மடங்கு ஏறும். நல்ல சேலைகளையெல்லாம் மடித்துத் தலையணை உறைக்குள் போட்டுவிடுவாள். கட்டில் நாலு தேயிலைப் பெட்டிகளின் மேல் நிற்கும். பெட்டிக்குள் உருளைக்கிழங்கு, பாத்திரம், கார்த்திகைக்கு ஏற்றும் விளக்கு.

கூரை வளை நெடுகக் கொக்கிகள். வெங்காயம், கருவாட்டுத் தகரம், கொழுந்துக் கூடை, மழைக்குப் போர்த்தும் கம்பளி என்று எல்லாம் தொங்கும். நடுவில் உள்ள இரும்புக் கொக்கி மட்டும் எப்போதும் காலி. ஒருமுறை அண்ணன் அதில் ஈரக் கம்பளியை மாட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்கே கேட்டது. லயத்துச் சுவர் கூரை வரை போகாது. சண்டையும் கருவாட்டு வாசமும் எங்களுக்குப் பொது.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் அவளுடைய ஒரே மகள் அழகம்மாவுக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். மருமகனுக்குப் பட்டிப்பொலயில் ரயில் பாதை வேலை. சம்பந்தி வீரம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். "உங்களுக்கு ஒரே அறை, அதில் மூன்று ஆண்கள். எங்களுக்கு இரண்டு ரூம், கண்ணாடி அலுமாரி. பிள்ளை இங்கேயே பிறக்கட்டும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்து முடிவு சொல்கிறேன்."

வடிவக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எம் மக மொதப் புள்ளைய வேற வீட்டுல பெத்தா நான் என்னத்துக்குத் தாய்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அலுமாரிக் கண்ணாடியை உடைத்திருப்பேன்.

மூன்று நாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னும் வேலை விட்டு வந்த பின்னும், அவள் வீட்டை ஒதுக்கினாள். இஸ்தோப்பைச் சாக்குப் படங்கால் மறைத்து ஆண்கள் படுக்க இடம் செய்தாள். கொக்கிகளில் தொங்கியவையெல்லாம் எங்கோ நுழைந்தன. அட்டலுக்கு முன்னால் ஒரு திரை, கட்டிலுக்குக் கீழே ஒரு திரை. நானும் உதவி செய்தேன், அதாவது வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை தலவாக்கலையில் ரயிலைவிட்டு இறங்கி பஸ் பிடித்து வீரம்மா வந்து சேர்ந்தாள். கம்பளி மடித்துப் போட்ட ஒரு தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். சாணி மெழுகிய தரை, வெறும் சுவர். வடிவக்கா பெருமையோடு நின்றாள். வீரம்மாவின் முகமோ வாடிக்கொண்டே போனது.

"என்னங்க சம்பந்தி, வீட்டுல ஒண்ணையுமே காணோமே? இவ்வளவு கஷ்டமா ஒங்களுக்கு? ஒரு வெறகு இல்ல, ஒரு படி அரிசி இல்ல. மூணு மாசம் எங்க புள்ளைக்கு என்னத்தப் பொங்கிப் போடுவீங்க?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை! எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

வடிவக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அரிசி இல்லைங்களா? நீங்க அது மேலதாங்க உக்காந்திருக்கீங்க!"

வீரம்மா துள்ளி எழுந்தாள். பெட்டி திறந்தது, விளிம்பு வரை அரிசி. பிறகு வடிவக்காவை நிறுத்த முடியவில்லை. அட்டலிலிருந்து விறகு இறங்கியது. கட்டிலடியிலிருந்து கிழங்கும் பாத்திரமும் வந்தன. பிள்ளை பெற்றவளுக்கென்று வாங்கிவைத்த பூண்டும் மிளகும் சுக்கும் வந்தன. கடைசியில் தலையணையை உதற ஏழு சேலைகள் விழுந்தன. நிற்க இடமில்லாமல் சம்பந்தியம்மா பின்னால் பின்னால் நகர்ந்து இஸ்தோப்பில் நின்ற என் பக்கத்துக்கே வந்துவிட்டாள்.

"இம்புட்டும் அதுக்குள்ளயா இருந்துச்சு? சரி, இனி இத எங்க வைப்பீங்க?"

"நீங்க தேத்தண்ணியக் குடிங்க" என்றாள் வடிவக்கா. தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் பழைய இடத்துக்குப் போய், தரை மறுபடியும் தெரிந்தது.

வீரம்மா சிரித்துவிட்டாள். "எங்க ரெண்டு ரூம்புலயும் கால் வைக்க எடமில்ல. அலுமாரியத் தொறந்தா தலையில விழும். ஒருநா வந்து ஒழுங்கு பண்ணிக் குடுங்க மதினி." பிறகு அண்ணாந்து பார்த்தாள். "ஆமா, நடுவுல ஒரு கொக்கி ஏன் சும்மா கெடக்கு? அதுலயும் எதையாச்சும் மாட்டலாமே."

வடிவக்காவின் குரல் தணிந்தது. "அழகம்மாவுக்குத் தொட்டில் கட்டுன கொக்கிங்க. அவுத்துப் பதினேழு வருசமாச்சு. அவ புள்ளைக்கும் அதுலதான் கட்டணும்னு விட்டு வச்சிருக்கேன்."

இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. என் கண் கலங்கிவிட்டது.

வீரம்மா கட்டில்மேல் ஏறினாள். கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"நல்லாத் தாங்கும்" என்று இறங்கினாள். "வெள்ளிக்கெழம வந்து புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க."

தை மாதத்திலிருந்து அந்தக் கொக்கி கிறீச் கிறீச்சென்று பொழுதெல்லாம் சுவரைத் தாண்டி என் வீட்டில் கேட்டது. சின்னச் சத்தத்துக்கே சண்டைக்குப் போகிறவள் நான். அதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.