கண்டக்டர் சின்னதுரை சாட்சி சொன்ன ஞாயிறு

செய்தி வந்தபோது காலை நாலே முக்கால். சபை அலுவலக வேலை பார்க்கும் அன்புச்செல்வி போனை எடுத்தாள். சின்னதுரை தூக்கத்திலேயே போய்விட்டார். யாரிடமும் சொல்லாமல் இறங்கிப்போனது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

பெருமுக்கல் கிராமத்துக் கூலிக்காரர் மகன் அவர். இருபத்தாறு வருசம் திண்டிவனம்–விழுப்புரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வுக்குப் பிறகு வானூர் ரோட்டிலிருக்கும் ஆங்கில ஆராதனை சபையில் செடிக்குத் தண்ணீர் விட்டார். கொரிய இன்ஜினியர்கள், கென்ய மாணவர்கள், நாகாலாந்து நர்சுகள் என்று உலகமே வரும் சபை. எல்லோரும் ஒரே மாதிரி செய்வது ஒன்றுதான்: பின்னால் உட்காருவது. முன் ஐந்து வரிசை கர்த்தருக்கு ரிசர்வ் செய்ததுபோல் காலியாகக் கிடக்கும்.

வரவேற்பு ஊழியர் வேலை காலியானதும் அவரைச் சிபாரிசு செய்தவள் அன்புச்செல்வி. கமிட்டிச் செயலாளர் நடராசனுக்கு அது பிடிக்கவில்லை.

"இங்கிலீஷ் தெரியாத ஆளும்மா. ஞாயித்துக்கிழமை அறிமுகத்துல சாட்சி சொல்லட்டும். சபை கை தூக்கினா வேலை. இல்லாட்டி பழையபடி ஹோஸ் பைப்பைப் புடிக்கட்டும்."

புது ஊழியர் எப்படிக் கெட்டார், எப்படித் திருந்தினார் என்று சொல்வது அந்தச் சபை வழக்கம். எவ்வளவுக்கெவ்வளவு கெட்டிருந்தாரோ அவ்வளவுக்கவ்வளவு அல்லேலூயா. சின்னதுரை பீடிகூடப் பிடித்ததில்லை.

"செஞ்ச தப்பு எதனா ஒண்ணு ஞாபகப்படுத்திப் பாருங்கண்ணே," என்று அன்புச்செல்வி கெஞ்சினாள்.

"பொய் சொல்லியா கோயில்ல வேலை வாங்கறது? வுடும்மா."

ஞாயிறன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேடை ஏறியவர் சபையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. சட்டைப்பையிலிருந்து பழைய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார்.

"இன்னாங்க இது, வண்டி முன்னாடி காலியா கீது, எல்லாரும் படிக்கட்டுல தொங்கிக்கினு வர்றீங்க? கம், கம். ஜல்தி."

மொழிபெயர்க்க நின்ற அன்புச்செல்விக்கு வேலையே இல்லை. கொரியாக்காரர்கள் எழுந்தார்கள். நர்சுகள் எழுந்தார்கள். கடைசி வரிசையில் நடராசன் மட்டும் அசையவில்லை.

"சார், உங்களுக்குத் தனியா ஊதணுமா?"

நடராசன் முன்னால் வந்து ஒரு கென்யப் பையனுக்குப் பக்கத்தில் ஒடுங்கினார்.

அதன்பிறகு சாட்சி. "இருவத்தாறு வருசத்துல ஒருத்தரையும் பாதி வழியில இறக்கி வுட்டதில்ல. குடிச்சிட்டு வந்தவனைக்கூட ஊர்ல எழுப்பித்தான் இறக்கினேன். அவ்ளோதாங்க."

அன்புச்செல்வி அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். கைகள் உயர்ந்தன. நடராசன் கை மடியிலேயே இருந்தது. கென்யப் பையன், பக்கத்தில் இருப்பவரோடு கைகோத்துத் தூக்குவதுதான் சபை ஒழுங்கு என்று நினைத்து, தன் கையோடு சேர்த்து அவர் கையையும் தூக்கிவிட்டான்.

அப்படிக் கிடைத்த வேலையை ஆறு வருசம் பார்த்தார். முன் வரிசை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. சண்டை இல்லாமல் உட்காரட்டும் என்று போன மாதம் நாற்காலி முதுகுகளில் வெள்ளைப் பெயின்ட்டில் சீட் நம்பர் எழுதத் தொடங்கினார்.

மொத்தம் எண்பது நாற்காலி. அறுபத்து மூன்று வரை எழுதியிருக்கிறார். அதற்கடுத்தது, இன்னும் நம்பர் விழாதது, இப்போது நடராசன் உட்காருவது.