முட்டுக் கொடுத்தவள்

1968-இல் எனக்கு மாற்றல் வந்து, மன்னவனூருக்கு மேலே இருந்த அந்தச் சிற்றூரை விட்டுக் கிளம்பியபோது ஊரார் கூட்டம் கூட்டி மாலை போட்டார்கள். பேசியவர்கள் எல்லாரும் என்னைப் பள்ளிக்கூடத்தின் தூண் என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. தமிழில் இந்தத் தூண் படுகிற பாடு கொஞ்சமல்ல. குடும்பத்துக்கு ஒரு தூண், கட்சிக்கு நாலு தூண், சங்கத்துக்குப் பத்துத் தூண். ஆனால் கட்டடம் கட்டியவனைக் கேளுங்கள். தூண் நிலைத்து நிற்கும் வரை பாரம் தாங்குவது முட்டுக்கால்தான். வேலை முடிந்ததும் அதைப் பிடுங்கி ஓரத்தில் போட்டுவிடுவார்கள். பேச்சிலும் அதற்கு மரியாதை கிடையாது. 'என்ன, முட்டுக் கொடுக்கிறாயா?' என்று ஏளனத்துக்குத்தான் பயன்படும். எனக்குத் தூணைவிட முட்டின் மேல்தான் மதிப்பு. அதற்குக் காரணம் இருளாயி.

இருளாயி புருஷனை இழந்தவள். எட்டு வயது மகள் சின்னத்தாயியோடு அரைக்காணி நிலத்தில் பூண்டு போட்டுப் பிழைத்தாள். நெடுநெடுவென்று இருப்பாள், உருளைக்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாக மலையேறுவாள். யாருக்கும் பணிந்து பேச மாட்டாள். எதிரே வந்தால் நான்தான் ஒதுங்கி வழி விடுவேன்.

1959-இல் நான் அங்கே வேலைக்குப் போனபோது பள்ளிக்கூடம் ஓர் ஆட்டுக் கொட்டகையில் நடந்தது. ஐப்பசி பத்தாம் தேதி வருவேன், அதற்குள் தனிக் கட்டடமும் முப்பது பிள்ளைகளும் இல்லாவிட்டால் பள்ளியை வேறு ஊருக்கு மாற்றிவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போனார். காட்டில் மரம் வெட்ட அனுமதி இல்லை. ஆகவே இடிந்த வீடுகளிலிருந்து ஆளுக்கொரு தூண் கொண்டுவந்தார்கள். நடுத்தூண் நட வேண்டிய அன்று ஆசாரி காய்ச்சலில் படுத்துவிட்டார். நமக்குத்தான் பொறுமை கிடையாதே! அடிக்கல்லில் கொத்தியிருந்த குழிக்கு மரத்தின் ஒரு முனை பருமனாக இருந்தது, இன்னொரு முனை பாந்தமாக உட்கார்ந்தது. உட்கார்ந்த முனையை வைத்து நட்டு, உத்தரம் ஏற்றி, புல்லும் வேயச் செய்தேன்.

மறுநாள் ஊர்ப் பெரியவர் திருமலைச்சாமி வந்து தூணைத் தடவிப் பார்த்தார். கணுக்களெல்லாம் கீழ்நோக்கி இருந்தன. வேர்ப்பக்கம் மேலேயும் நுனிப்பக்கம் கீழேயுமாக நான் மரத்தைத் தலைகீழாக நட்டிருக்கிறேன். நான் பழனியில் கோயில் கல்தூண்களுக்கு நடுவே வளர்ந்தவன். கல்லுக்கு ஏது வேர்? மரத்தூணுக்குத் தலையும் காலும் உண்டென்பது எனக்குத் தெரியாது. தலைகீழ்த் தூணுக்கு அடியில் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது என்று பெரியவர் அமைதியாகச் சொன்னார். நான் அமைதியாக இல்லை. மூடநம்பிக்கை என்று அரைமணி நேரம் கத்தினேன். கத்திய பலன், ஆட்டுக் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வர ஐந்தே நாள் இருந்தது.

அப்போதுதான் இருளாயி வந்தாள். என்னையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தலைகீழா நின்னா திருப்பி நட்டுட்டாச் சோலி முடிஞ்சுது. இதுக்கு ஏன் இம்புட்டுச் சத்தம்?"

உத்தரத்தின் பாரம் முழுவதும் அந்தத் தூணின் மேல் இருக்கிறதே, அதைத் தாங்க அதே உயரத்தில் ஒரு முட்டுக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மத்தியானம் நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கருகருவென்று புகையேறிய ஒரு முட்டுக்காலைச் சுமந்து வந்தாள். அதை எங்கே பிடுங்கினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை, அவ்வளவு அவசரம் எனக்கு. முட்டு ஏறியது, தூண் திரும்பியது, குழியை அகலப்படுத்திச் சுண்ணாம்பும் பூசியாயிற்று. சுண்ணாம்பு இறுகும் வரை பத்து நாள் முட்டை எடுக்கக் கூடாது என்றார் காய்ச்சல் விட்டு எழுந்து வந்த ஆசாரி. அந்த நாட்களில் மழை விடாமல் கொட்டியது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று முப்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கறுப்புக் காலைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். சும்மா முட்டு சார், எடுத்துவிடுவோம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பத்து நாள் முடிந்ததும் முட்டைப் பிடுங்கிப் பள்ளி ஓரத்தில் போட்டோம்.

ஐப்பசி முடியப் போகும்போதுதான் கவனித்தேன், சின்னத்தாயி மட்டும் வரவில்லை. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று நினைத்துவிட்டாள் போலும் என்று எனக்குச் சுருக்கென்று கோபம். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். வீட்டில் ஆளில்லை. கூரை ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. உள்ளே அடுப்புக்கு மேல் பரண் சரிந்து தொங்கியது, அதையும் கூரையையும் தாங்கிய கால் இருந்த இடத்தில் ஒரு வெறும் குழி. வாசலில் அழுகிய பூண்டுக் கட்டுகள் குவிந்திருந்தன. அடுப்புப் புகையில் காயவைத்துப் பத்திரப்படுத்தியிருந்த விதைப்பூண்டு அத்தனையும் மழையில் போய்விட்டது.

அவர்களைத் திருமலைச்சாமியின் வயலில் கண்டேன். தாயும் மகளும் கூலிக்குப் பூண்டு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். இருளாயியிடம் போய்க் கேட்டேன்.

"விதைப்பூண்டு அந்தப் பரண்லதான் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊன்றிக்கொண்டே சொன்னாள்.

"வெதப்பூண்டு போச்சுன்னா யாரு வீட்டுலயாச்சும் கேட்டு வாங்கிக்கிருவேன் வாத்தியாரே. பள்ளிக்கூடம் மலையெறங்கிப் போச்சுன்னா நான் யாரு வீட்டுல போயிக் கேக்க?"

வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை. சின்னத்தாயிதான் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருமலைச்சாமியே ஆட்களோடு வந்து அந்தக் கறுப்புக் காலை மறுபடி நட்டுக் கூரையைத் தூக்கி நிறுத்தினார், நானும் மண் குழைத்தேன். ஆனாலும் அந்தப் போகம் முழுவதும் தாய்க்கும் மகளுக்கும் கூலிவேலைதான். தினமும் பள்ளியைப் பூட்டிவிட்டு நேரே அவர்கள் வேலை செய்யும் வயலுக்குப் போவேன். நான் வரப்பில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சின்னத்தாயி பாத்தி ஓரத்து ஈரமண்ணில் விரலால் எழுதுவாள். இருளாயிக்கு நன்றி சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். அவள் ஒரு நாளும் விட்டதில்லை.

"பேச்ச விடுங்க வாத்தியாரே. பொழுது எறங்குது, புள்ளைக்கு அடுத்த எழுத்தச் சொல்லுங்க."