தையல் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு

றுமானாவும் ஹாதிக்கும் பிரிவதென்று முடிவெடுத்தபோது கல்முனைக்குடியில் அந்த வீட்டுக்குள் யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஒருவேளை பிரிந்திருக்க மாட்டார்கள். நீண்ட காலமாகவே இருவருக்கும் பேச்சில்லை.

வீடு றுமானாவின் சீதனம். அதன் முன்னறையில்தான் ஹாதிக்கின் தையல் கடை. அவன் வெட்டித் தைப்பதற்கு அவள் உள்ளே இருந்து காஜா எடுத்துப் பொத்தான் வைப்பாள். அவள் கை வைத்த பொத்தான் சட்டை கிழிந்தாலும் கழன்று விழாது. சட்டைகளை நடுக்கதவால் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் மகள் நுஸ்ஹா. சட்டையோடு பேச்சும் போகும். சோறு போட்டாச்சு என்று வாப்பாவிடம் சொல்லு. பசிக்கவில்லை என்று உம்மாவிடம் சொல்லு.

இப்போது ஹாதிக் தன் அக்கா, ஹாஜறா ராத்தாவின் வீட்டில் படுக்கிறான். தாய் வீடு அவளுக்குச் சீதனமாகப் போய்விட்டதால் அவனுக்கென்று வேறு வீடில்லை. கடை மட்டும் இங்கே.

வழக்காகப் போவதில்லை, பேசி முடித்துக்கொண்டு காதி நீதிபதியிடம் பதிவுக்கு மட்டும் போவோம் என்று றுமானா கேட்டிருந்தாள். வழக்கென்றால் நுஸ்ஹா யாரிடம் இருப்பது, வாப்பாவை எப்போது பார்ப்பது என்பதையெல்லாம் வேறு யாரோ சொல்ல வேண்டிவரும். பிள்ளையைக் கொண்டுபோய்க் கோட்டில் நிறுத்தவும் நேரலாம்.

அவள் பக்கத்துக்கு மேசன் வேலை செய்யும் அண்ணன் றஸாக் காக்காவும், அவன் பக்கத்துக்கு ஹாஜறாவுமாக நால்வரும் உட்கார்ந்தார்கள். முதல் நாள் நல்லபடியாகவே போனது. கடை அங்கேயே இருக்கட்டும் என்றார்கள்.

"கெதியா முடிங்க," என்றாள் ஹாஜறா. "இவன் என்ட ஹோல்ல படுக்கான். என்ட மனுசன் டீவி பாத்து எவ்வளவு காலம்."

ஹாதிக்குக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

அடுத்த முறை கூடுவதற்கு முன் றஸாக் ஒரு காரியம் செய்தார். பிரிவு பதிந்ததும் தங்கை இத்தா என்ற காத்திருப்புக் காலத்தில் இருக்கப்போகிறாள். அந்த மூன்று மாதமும் அந்நிய ஆண்களின் கண்ணில் அவள் படக்கூடாது. கடைக்கோ ஆண்கள் அளவு கொடுக்க வருவார்கள். நடுக்கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தால் ஊர் வாயும் அடங்கும் என்று எண்ணி, யாரிடமும் கேட்காமல் கடை வாசலில் கல் கொண்டுவந்து பறித்து அடுக்கிவிட்டார். அவர் வேலை எப்போதும் அப்படித்தான், எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

ஹாதிக் வந்தான். கல்லைப் பார்த்தான். உள்ளே வரவில்லை.

"கல்லப் பறிச்சுப் போட்டுட்டா என்னக் கதைக்கக் கூப்பிட்ட? இனிக் கோட்டுல கதைப்பம், மச்சான்."

அன்று நுஸ்ஹா பள்ளிக்கூடச் சட்டையோடு கடைக்குள் போய்ப் மூடிக் கிடந்த தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாள். கூப்பிட்டும் வரவில்லை. றுமானா அவளை அப்படியே விட்டுவிட்டுக் காக்காவிடம் போய்க் கல்லைப் பின்வளவுக்கு எடுக்கச் சொன்னாள். அவர் முகம் கறுத்தது. தங்கையின் நன்மைக்குத்தானே செய்தார் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் கடைசிக் கல் போகும்வரை அங்கேயே நின்றாள். பிறகு ஹாஜறாவுக்குப் போன் எடுத்து, அவனைக் கூட்டிவரும்படி கெஞ்சிக் கேட்டாள்.

அவன் வந்தான், ஆனால் கதிரையில் இருக்கவில்லை. அதுவரை காக்காவைக் கொண்டே பேசிய றுமானா, முதன்முறையாக அவனைப் பார்த்துப் பேசினாள்.

"சுவரும் வேணாம், தெறந்த கதவும் வேணாம். என்ட பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடுங்க. பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பொறகு புள்ளைக்குத் தெறந்து உடுவன். ஆனா நாம கதைக்காத கதையெல்லாம் அவள்தான் இந்தக் கதவால தூக்கித் திரிஞ்ச. இனி அவள்ட்ட ஒண்டும் சொல்லி அனுப்பாதீங்க. நானும் அனுப்பமாட்டன். புள்ளைட விசயமெண்டா நேர என்னோட கதைங்க."

அவன் கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான்.

"ஓம்," என்றான்.

தாழ்ப்பாளை அவனே பொருத்தினான். ஆணி முறுக்கி முடிந்ததும் கடைப்பக்கம் போய்க் கதவைச் சாத்தினான். றுமானா தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"இறுக்கமா?" அவன் குரல் பலகைக்கு அப்பாலிருந்து வந்தது.

"ஓம்."

"கதவக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சு இழுங்க."

தூக்கிப் பிடித்தாள். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய்த் துளையில் விழுந்தது. இதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டோம் என்று நினைத்தாள். கையை மட்டும் அதிலிருந்து எடுக்க முடியவில்லை.

அசறு பாங்கு சொன்னதும் தொழுது முடித்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள். நுஸ்ஹா வாசலில் தயங்கி நின்று, வழக்கம்போல உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வாப்பாட்ட என்ன சொல்ற உம்மா?"

"ஒண்டும் சொல்லத் தேவல்ல மகள். சும்மா போய் இருந்துட்டு வாங்க."

பிள்ளைக்கு அது விளங்கவில்லை. சட்டை இல்லாத தன் வெறுங்கையைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு மெதுவாக உள்ளே போனாள்.